எஞ்சினுக்குள் தட்டுவது யார்?



நெருப்பெரிச்சலில் ஓசையின்றி ஒரு நாழிகையும் கழிவதில்லை. பின்னல் இயந்திரங்கள் ஒருபுறம் சுழல, தையற்கூடங்களில் ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் மறுபுறம் இரைய, இவற்றினிடையே வாழும் நம் மக்களுக்கு இயந்திரத்தின் குரலைக் கேட்டறியும் செவி இயல்பாகவே வாய்த்துவிடுகிறது. ஊசி ஒன்று பழுதுற்றதைத் துணியைப் பாராமலே ஓசையால் உணரும் தொழிலாளர்களை நாம் அறிவோம். அதே மனிதர், தம் காரின் பானெட்டுக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஒலி எழுந்தவுடன் நிலைகலங்கிவிடுகிறார். தறியின் குரலைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காரின் குரல் மட்டும் ஏன் மறைபொருளாக இருத்தல் வேண்டும்?

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. ‘எஞ்சினை இறக்க வேண்டும்’ என்ற மூன்று சொற்கள் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பை ஒரே நாளில் கரைத்துவிடக் கூடியவை. எனவே, பட்டறைக்குச் செல்லுமுன் வீட்டு வாசலிலேயே நாம் அறிந்துகொள்ளக் கூடியவை எவை என்பதை இம்மாதம் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

தட்டிப் பார்த்தும் காது கொடுத்தும் உள்ளிருக்கும் நோயை அறியும் கலை மருத்துவர்களுக்குப் பழையது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் விடுதிக்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த அவுன்புருகர் என்னும் மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்நிலையைக் கணிக்கும் முறையை 1761-இல் வியன்னாவில் நூலாக வெளியிட்டார். தந்தையின் விடுதியில் மதுப்பீப்பாய்களைத் தட்டி அளவு பார்த்த வழக்கமே அவருக்கு வழி காட்டிற்று என்பர். 1816-இல் பிரான்சு நாட்டு லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி இதய ஒலியைக் கேட்டார். அதுவே இன்றைய ஸ்டெதாஸ்கோப்பின் மூலம். மெக்கானிக் ஒருவர் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்துப் பிடியைக் காதருகே கொண்டுபோகிறாரே, அவரும் இந்த மருத்துவர்களின் வழித்தோன்றலே.

நிற்க. ஒலி கேட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கேட்பதன்று, பார்ப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழிறங்கச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். ஈரம் இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால், அல்லது ஓடும்போதே ஆயில் விளக்கு சிவப்பாய் எரிந்தால், அதற்குமேல் ஒரு பர்லாங்கும் ஓட்டலாகாது. கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்குகளும் ஒன்றையொன்று நேரே தொடுவதில்லை. இடையே மெல்லிய ஆயில் படலம் ஒன்று தாங்கி நிற்கிறது. அப்படலம் அற்றால் உலோகம் உலோகத்தோடு மோதுகிறது. ஆயிலை நிரப்பிய பின் ஓசை நின்றுவிட்டாலும், போன ஆயில் எங்கே போயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒழுகுகிறதா, புகையாய் எரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஓசை எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் கேட்டு, சூடேறியதும் மறைந்தால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் தட்டுவதாக இருக்கலாம். உடனடி ஆபத்து அரிது. எஞ்சினின் மேற்புறத்திலிருந்து தையல் இயந்திரம் போல மெல்லிய, சீரான ‘டிக் டிக்’ எழுந்தால் பெரும்பாலும் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கும். சீர்செய்வது சிறு வேலை. கீழ்ப்புறத்திலிருந்து கனத்த, ஆழ்ந்த அடி கேட்டு, மேட்டில் ஏறுகையில் வலுத்து, ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் தெளிவாக ஒலித்தால் கனெக்டிங் ராடு பேரிங்கை ஐயுற வேண்டும். இதுவே அஞ்சத்தக்க ஓசை. கிளட்ச்சை மிதித்தவுடன் மாறினால் குறை கிளட்ச், கியர் பக்கம், ஏ.சி.யைப் போட்டால் மட்டும் வந்தால் கம்ப்ரசர் பக்கம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலுபேர் வண்டியைக் குலுக்கும்போதும் கேட்டால் அது எஞ்சினே அன்று.

மேட்டில் ஏறும்போது மட்டும், தகரக் குவளையில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் வரும் ஓசை வேறு இனம். ‘நாக்கிங்’ என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுவே. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் சிலிண்டர் முழுவதும் பரவுமுன், மூலையில் எஞ்சிய பெட்ரோல் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்தெரிவதால் இது பிறக்கிறது. எஞ்சின் மிகையாகச் சூடாதல், உள்ளே கரி படிதல், டைமிங் முந்தியிருத்தல், தரம் குறைந்த பெட்ரோல் ஆகியன காரணங்கள். மேட்டில் பெரிய கியரிலேயே இழுக்க வைத்து எஞ்சினைத் திணறடிப்பதும் ஒரு காரணம். கியரைக் குறைத்தால் ஓசை நிற்கும், செலவு ஒரு காசுமில்லை. இக்காலக் கார்களில் பெரும்பாலானவை இத்தட்டலைத் தாமே உணர்ந்து டைமிங்கைப் பின்தள்ளிக்கொள்கின்றன.

இந்தச் சிறு ஓசைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. இதை அடக்க மருந்து தேடிய அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் தட்டல் நிற்பதைக் கண்டார். ஓசை நின்றது, ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளிவந்து பல பத்தாண்டுகள் உலகெங்கும் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து, அவர்களது அறிவு வளர்ச்சியையே குன்றச் செய்தது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் ஒழிந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல்தான் கார்களுக்கு அதை விற்பதை நிறுத்தியது. ஓசையை அடக்குவது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு என்பதற்கு இதனினும் பெரிய சான்று நமக்குத் தெரியவில்லை. இடையில் ஒரு சொல்: இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலே நாக்கிங்குக்குக் காரணம் என்று பலர் பேசக் கேட்கிறோம். எத்தனால் தட்டலைத் தாங்கும் தன்மையுடையது. மைலேஜ் குறைவு, பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் பற்றிய புகார்கள் வேறு. அவற்றை இதனோடு குழப்பலாகாது.

நம் பங்கில் பனியன் கட்டுகளை ஏற்றி இறக்கும் பழைய வேன் ஒன்று வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், அண்மையில் முகம் வாடி வந்தார். “சாமி, ராடு அடிக்குதுன்னு சொல்லிட்டாங்க. எஞ்சினை இறக்கோணுமாமுங்க. வீட்டுக்காரி சங்கிலியை வெச்சுத்தான் ஆகோணும்” என்றார். “தம்பி, சங்கிலி ஒருநாள் கழுத்திலேயே இருக்கட்டும், முதலில் கேட்போம்” என்றோம். ஆயில் சரியான அளவில் இருந்தது; விளக்கும் முறைப்படி அணைந்தது. மேட்டிலும் சமதரையிலும் ஓசை ஒன்றாகவே இருந்ததே நமக்கு முதல் ஐயத்தைத் தந்தது. கார் ஓட்டிப் பழகிய பெரியவர் ஒருவரை அழைத்துத் திருப்புளியை வைத்துக் கேட்கச் செய்தோம். எஞ்சினின் அடிப்பகுதி அமைதியாயிருந்தது. ஆல்டர்னேட்டரின் அருகே காதைத் துளைக்கும் அடி! பின்பு, எஞ்சின் ஆறிய நிலையில், ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார். ஓசை முற்றும் நின்றது. புல்லியின் நட்டு தளர்ந்து, அது தண்டின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டார். சங்கிலி அடகுக்கடையைக் காணவில்லை.

இதைக் கொண்டு மெக்கானிக்குகளைப் பழிக்க வேண்டாம். பத்து வண்டிகள் ஒருங்கே இரையும் பட்டறையில் ஓர் ஓசையைப் பிரித்தறிவது எளிதன்று. புல்லியின் தளர்ச்சி ராடின் அடியைப் போலவே ஒலிக்கும் என்பதும் தொழிலறிந்தோர் கூற்று. மறுபக்கமும் உண்டு. வேறொருவர், ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று பாட்டுப்பெட்டியின் ஒலியைக் கூட்டிக்கொண்டு பெருமாநல்லூர் சாலையில் இரு வாரம் ஓட்டினார். ராடு முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்து வெளிவந்தது. பேரிங் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு எஞ்சினையும் விழுங்கிற்று.

வீட்டில் சோதிப்போர் சில எச்சரிக்கைகளைக் கண்டிப்பாகக் கொள்க. பூட்டிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைக் குடிக்கும். சேலைத் தலைப்பு, துண்டு, அவிழ்ந்த கூந்தல் இவை பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் அருகே வேண்டா. பல கார்களில் எஞ்சின் நின்ற பின்னும் விசிறி தானே சுழலும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறவாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு, நாம் சொன்ன வெளிப்பெல்ட் வேறு. ஐயமிருந்தால் இரண்டையும் தொடவேண்டாம். ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் புதிய கார்களுக்கு ஆகாது. மின்னதிர்ச்சி ஒருபுறம், எரியாத பெட்ரோல் போய்ப் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியைக் கெடுப்பது மறுபுறம்.

கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். நம் வாசகர்களை நாம் அவ்வளவு தூரம் அழைக்கவில்லை. ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்: ஓசை ஆறிய நிலையிலா, சூட்டிலா, மேட்டிலா, நின்ற நிலையிலா, மேலா, கீழா, ஆயில் எவ்வளவு. கைப்பேசியில் ஒலியைப் பதிந்தும் கொண்டுபோகலாம். எஞ்சினைத் திறந்தே தீர வேண்டும் என்றால், திறக்குமுன் ஆயில் அழுத்தத்தை அளவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பேரிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் உட்பரப்பில் வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு நிறம் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.