மர்மக் காய்ச்சல் என்று கைகழுவாதே! எலியால் வரும் நோய்க்குச் சோதனை கொடு!

விவசாயப் பெருமக்களே! கூலி உழைப்பாளிகளே!

எலி தின்ற நெல்லுக்குக் கணக்குப் பார்க்கிறோம். எலியால் சீக்கு வந்து படுத்த மனுசனுக்கு யார் கணக்குப் பார்ப்பது?

எலி மூத்திரம் கலந்த சேற்றில் இறங்கினால் வருவது லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல். அதற்கு மருந்து உண்டு. அதே சாயலில் இன்னொரு நோயும் உண்டு. அது ஹண்டா வைரஸ். காய்ந்த எலிப் புழுக்கையும் மூத்திரமும் தூசியாகி மூச்சில் ஏறினாலே தொற்றும். காய்ச்சல், இடுப்புவலி, முற்றினால் ரத்தக்கசிவு, கிட்னி பாதிப்பு. கொரியப் போரின்போது, 1951 முதல் 1953 வரை, 3,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சாய்த்தது இந்தக் காய்ச்சல்தான்.

"கொரியாவில் வந்தால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். 1964-இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலேயே இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்று கிடைத்தது. அது மனுசருக்கு நோய் தரும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் ஹண்டா வைரஸ் தாக்கிய தடயத்தை நம் மாநிலத்து மக்களின் ரத்தத்திலேயே வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். எலி பிடிக்கும் இருளர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் அதில் அடக்கம்.

இவர்கள் யாரோ அல்ல. பானையில் புகை மூட்டி, வளையில் வாயால் ஊதி நம் விளைச்சலைக் காத்தவர்கள் இருளர்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் கிடங்குகளில் மூட்டை தூக்கப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். களத்தில் தூசியோடு நெல் தூற்றுவது நம் பெண்கள்.

பீதி கிளப்ப இதை எழுதவில்லை. எல்லாக் காய்ச்சலும் இது அல்ல. ஆனால் சோதிக்காமல் இல்லை என்று எப்படிச் சொல்வது? கிட்னியைத் தாக்கும் காய்ச்சலுக்கு 'மர்மக் காய்ச்சல்' என்று சீட்டு எழுதி அனுப்பினால் போதுமா?

நாம் கேட்பது:

* காய்ச்சலோடு மூத்திரம் குறைந்தால் உடனே எலிக்காய்ச்சல் சோதனை செய். அதில் தெரியாவிட்டால் ஹண்டா வைரஸுக்கும் ரத்தத்தை அனுப்பு. செலவை அரசே ஏற்கட்டும்!
* கொள்முதல் நிலையம், கிடங்கு, ஆலைத் தொழிலாளிகளுக்கு முகக்கவசமும் கையுறையும் கொடு!
* இருளர் குடியிருப்புகளில் மருத்துவ முகாம் நடத்து!

நம் பங்குக்கு, எலி நடமாடிய குதிரையும் கொட்டகையையும் வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு வழித்தெடுங்கள். டாக்டரிடம் போனால் "எலி இருக்கும் இடத்தில் வேலை பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நெல்லைக் காத்தவன் உயிரைக் காப்பது அரசின் கடமை! ஒன்று சேர்ந்து கேட்போம்! கேட்டு வாங்குவோம்!