எங்கட தெருவைக் கழிச்சு வந்த 27

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கட வட்சப் குறூப்பில் விழுகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வரைபடம், அதில் ஒரு செம்மஞ்சள் கோடு, கீழே மூன்று எண்கள். தூரம், நேரம், சராசரி வேகம். முதல் இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. "எவரேஜ் எவ்வளவு மச்சான்?" அதுதான் கேள்வி. 27 என்றால் பத்துப் பேர் பெருவிரலைத் தூக்குவார்கள். 22 என்றால் "என்ன, சுகமில்லையா?" என்று விசாரிப்பார்கள்.

இந்தக் கேள்வியை மற்றவர்கள் கேட்டார்கள் என்று சொல்லி நாங்கள் தப்ப ஏலாது. நாங்களும் கேட்டோம், பதிலும் போட்டோம். அதனால் இந்தக் கட்டுரையில் வருகிற முதல் குற்றச்சாட்டு எங்கள் மேலேயேதான்.

எங்கட 27 எப்படி வந்தது என்று சொல்கிறோம். நாங்கள் இருக்கிறது ஜிந்துப்பிட்டியில். ஆனால் எங்கட செம்மஞ்சள் கோடு ஒருநாளும் ஜிந்துப்பிட்டியில் தொடங்கியதில்லை. வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, செட்டியார் தெரு, புறக்கோட்டை, கோட்டை எல்லாம் தாண்டி, காலிமுகத்திடலுக்கு வந்த பிறகுதான் போனில் ஸ்டார்ட் அமர்த்துவோம். அங்கிருந்து தெஹிவளைக்குப் போய்த் திரும்பி, அதே இடத்தில் நிப்பாட்டுவோம். 18 கிலோமீற்றர், 40 நிமிசம், எவரேஜ் 27. பிறகு வீடு. போக 3, வர 3 என்று 6 கிலோமீற்றர் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஏன் இல்லை? எங்கட தெரு எவரேஜைக் கெடுக்கும். விடியவே லொறி சாமான் இறக்கும். நாட்டாமி அண்ணாமார் வண்டி தள்ளிக்கொண்டு வருவார்கள். திரும்பி வரும்போது கொச்சிக்கடையில் பூசை முடிந்து சனம் வரும். கான் மூடி இல்லாத இடம் எது என்று பார்த்துத்தான் ஓட வேண்டும். அங்கே 15க்கு மேல் ஏறாது, ஏறவும் கூடாது.

ஒரு ஞாயிறு மட்டும் வீட்டு வாசலில் ஸ்டார்ட் அமர்த்தி, வீட்டு வாசலிலேயே நிப்பாட்டிப் பார்த்தோம். கலர் லைட்டில் நின்றது, சனத்துக்கு விட்டது, தண்ணி குடித்தது எல்லாம் சேர்த்து 24 கிலோமீற்றருக்கு 80 நிமிசம். எவரேஜ் 18. அதே கால், அதே சைக்கிள், அதே காலை. 27க்கும் 18க்கும் இடையில் இருக்கிற அந்த 9தான் நாங்கள் வாழ்கிற இடம். அதைக் கழித்துவிட்டுத்தான் இவ்வளவு காலமும் படம் போட்டோம்.

சரி, எண்ணை விளங்கிக்கொள்வோம். சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் பிரிப்பது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் அதில் நாங்கள் வழக்கமாக விழுகிற குழி ஒன்று இருக்கிறது. காற்றோடு 10 கிலோமீற்றரை 30 வேகத்தில் போய், எதிர்க்காற்றில் அதே 10ஐ 20 வேகத்தில் வந்தால் எவரேஜ் 25 என்று நினைப்போம். இல்லை, 24. போக 20 நிமிசம், வர 30 நிமிசம். மெதுவாக ஓடுகிற பகுதியில் கூடுதல் நேரம் கழிகிறது, அதனால் அது எவரேஜைக் கூடுதலாக இழுக்கிறது. வேகமாக ஓடிச் சம்பாதித்ததை விட மெதுவாகப் போய் இழந்தது எப்போதும் அதிகம்.

இதுதான் ஆபத்தான இடம். 10 கிலோமீற்றரை 25 வேகத்தில் ஓடினால் 24 நிமிசம். வழியில் லைட்டிலும் மஞ்சள் கோட்டிலும் 6 நிமிசம் நின்றால் மொத்தம் 30 நிமிசம், எவரேஜ் 20. நின்ற அந்த 6 நிமிசத்தையும் காலால் மீட்டு 25ஐத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், மிச்ச 18 நிமிசத்தில் 33 வேகத்துக்கு மேல் ஓட வேண்டும். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 25லிருந்து 33க்குப் போக அந்தச் சக்தி இரண்டு மடங்கையும் தாண்ட வேண்டும். அதற்கு எத்தனை மாதப் பயிற்சி? சிவப்பு லைட்டில் நிற்காமல் போவதற்கோ ஒரு பயிற்சியும் தேவையில்லை. கொழும்பில் எவரேஜை உயர்த்த மிக மலிவான வழி மற்றவர் உயிரோடு விளையாடுவது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இது எங்களுக்குக் கணக்குப் போட்டு விளங்கவில்லை. எங்களில் ஒருவன் கொள்ளுப்பிட்டியில் மஞ்சள் கோட்டில் ஒரு அம்மாவை இடித்துப்போட்டான். கண் ஹாண்டிலில் மாட்டின போனில் இருந்தது. 27.1 இருந்தது 26.9 ஆகிக்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தான், ஆனால் பிந்திப் பிடித்தான். அந்த அம்மா கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாங்கள் சுற்றி நின்று தண்ணி கொடுத்து, த்ரீவீல் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஏசவில்லை. த்ரீவீலில் ஏறும்போது ஒன்று கேட்டார். "எங்க தம்பி இந்த அவசரம்? வேலைக்கு லேட்டா?"

எங்களில் யாருக்கும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

பின்னேரம் போனைப் பார்த்தால் ஓட்டம் தானாகப் பதிவாகியிருந்தது. எவரேஜ் 26.4. வீதியோரத்தில் நாங்கள் நின்ற முழு நேரமும் அதில் இல்லை. நின்றால் நேரத்தை ஓடவிடாத வசதி ஒன்று செயலிகளில் இருக்கிறது, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அந்த அம்மா விழுந்தது எங்கட ஓட்டத்தில் நடக்கவே இல்லை. அன்றைக்குத்தான் இந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணாது என்று எங்களுக்கு உறைத்தது.

உலகத்தில் இது புதிதில்லை. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஒருவர், ஸ்ட்ராவாவில் தன்னிடமிருந்து பறிபோன சாதனையை மீட்க இறக்கத்தில் வேகமாக இறங்கி, விபத்தில் இறந்தார். குடும்பம் 2012இல் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. 2013இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர் ஓட்டுநர்தான் என்று. சட்டம் சரியோ பிழையோ, எங்களுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. செயலி முடி சூட்டும், பொறுப்பு எடுக்காது. பொறுப்பு எங்கள் கையில்தான்.

இப்ப சிலர் சொல்வார்கள்: "அப்ப வேகமே வேண்டாமா? பொடியன்கள் உடம்பை வளர்க்கக் கூடாதா? எண் இல்லாமல் எப்படி முன்னேறுவது?" நியாயமான கேள்விதான். நாங்கள் வேகத்துக்கு எதிரி இல்லை. 30இல் மரைன் டிரைவில் கடல் காற்று முகத்தில் அடிக்கிற சுகம் எங்களுக்கும் தெரியும். எங்கட சண்டை, ஒரு எண்ணை மனுசனுக்குப் போடுகிற மார்க் ஆக்குவதோடு.

ஏனென்றால் அந்த எண் உங்களுடையது மட்டுமே இல்லை. குறூப்பில் ஓடும்போது முன்னுக்குப் போகிறவன் காற்றை வெட்டுகிறான், பின்னுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறவன் அதே வேகத்தைக் குறைந்த சக்தியில் எடுக்கிறான். இரண்டு பேருக்கும் படத்தில் ஒரே 27. மே தொடக்கம் தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் ஓடியவனுக்கும், காற்றடங்கிய காலையில் ஓடியவனுக்கும் ஒரே அளவுகோல். மெல்லிய ரயர் போட்ட இறக்குமதி சைக்கிளுக்கும் அப்பாவின் பழைய லுமாலாவுக்கும் ஒரே வரிசை. இதில் யார் யாரை விடக் கெட்டிக்காரன்?

சைக்கிள் எங்களிடம் எப்படி வந்தது என்பதையும் மறந்துபோனோம். 2022இல் பெற்றோல் கியூ கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. சைக்கிள் விலை எகிறியது. துருப்பிடித்துக் கிடந்ததை எல்லாம் இறக்கித் துடைத்தோம். வேலைக்கும் கிளாசுக்கும் காஸ் தேடவும் அதில்தான் போனோம். அப்போது யாரும் எவரேஜ் கேட்கவில்லை. "போய்ச் சேர்ந்தியா?" என்றுதான் கேட்டார்கள்.

எங்களில் சிலருடைய அப்பாமார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். 90களில் அங்கே பெற்றோலுக்குத் தடை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையைச் சொல்வார்கள். சுற்றுகிற வேகம் குறைந்தால் செய்தி கம்மிப்போகும். அங்கேயும் வேகம் முக்கியம்தான். ஆனால் ஒருவர் சுற்ற, சுற்றியிருந்த எல்லாரும் கேட்டார்கள்.

இன்றைக்கும் எங்கட தெருவில் அதிகம் பெடல் மிதிக்கிறவர்கள் நாங்கள் இல்லை. முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு மழையிலும் ஓடுகிற பொடியன்களும், பின்கரியரில் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போகிற மாமாமாரும்தான். அவர்களை நாங்கள் "சைக்கிளிஸ்ட்" என்று சொல்வதில்லை. அந்தப் பட்டத்தை ஹெல்மெட்டும் இறுக்கமான காற்சட்டையும் 27உம் இருக்கிறவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லித் தப்ப முடியாத ஒரு வர்க்கப் புத்தி.

ஆடிவேல் தேரை நினைத்துப் பாருங்கள். செட்டியார் தெருவில் வெளிக்கிட்டு, நாங்கள் ஓடுகிற அதே பக்கத்தால் பம்பலப்பிட்டிக்குப் போகும். பத்துக் கிலோமீற்றர்கூட இல்லாத பாதைக்கு ஒரு முழு நாள் எடுக்கும். நிற்கிற இடமெல்லாம் சனம் இருப்பதால்தான் அது தேர்.

அதனால் நாங்கள் சிலதை மாற்றியிருக்கிறோம். ஸ்டார்ட் இனி வீட்டு வாசலில்தான். நின்ற நேரமும் சேர்ந்த மொத்த நேரத்தைத்தான் போடுவோம். ஓடும்போது போன் பையில் இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் காணும். ஒப்பிடுவதென்றால் அதே பாதையில், எங்கட போன மாத ஓட்டங்களோடு மட்டும். ஒரு நாள் எண்ணை நம்ப மாட்டோம், நாலு ஞாயிறைச் சேர்த்துப் பார்ப்போம். வேகம் கூட்ட ஆசை இருந்தால் அதற்கும் நேர்மையான வழி இருக்கிறது. ரயருக்குச் சரியாகக் காற்று, செயினுக்கு எண்ணெய், உடம்பைக் கொஞ்சம் குனிந்து வைப்பது, கிழமையில் ஒருநாள் மூச்சு வாங்காமல் நீண்ட தூரம் ஓடுவது, இன்னொரு நாள் சந்தியும் கடவையும் இல்லாத ஒரு துண்டில் விட்டு விட்டு உழைப்பது. மெதுவாகத்தான் கூடும். கூடினது உங்கட காலில் கூடினதாக இருக்கும்.

அந்த அம்மாவைப் பிறகு இரண்டு தரம் போய்ப் பார்த்தோம். கை ஆறிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை.

வருகிற ஞாயிறு குறூப்பில் எங்கட படம் வரும். கோடு ஜிந்துப்பிட்டியில் தொடங்கி ஜிந்துப்பிட்டியில் முடியும், கீழே 18 என்று இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் உங்கட 27 எங்கே தொடங்கியது என்று நாங்கள் கேட்போம், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.