கைத்திறனும் மண்ணறிவும்

அமெரிக்க நாட்டில் வீட்டைச் சுற்றிப் புல்தரை வளர்ப்போர் பலர். மிதிபட்டு மண் இறுகிவிடின் நீரும் காற்றும் வேரை நன்கு அடையா, புல் வாடும். ஆதலின், மண்ணில் துளையிடும் உருளையொன்றைத் தாமே செய்து, சிறிய டிராக்டரின் பின்னே பூட்டி இழுப்போர் உளர். இம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும், கைத்திறன் மட்டும் போதாது.

உருளையில் கூரிய ஆணிகளைப் பதிப்பது எளிது. ஆயின், ஆணி மண்ணை வெளியே எடுப்பதில்லை. பக்கங்களில் நெருக்கித் துளையைச் சுற்றிலும் மேலும் இறுக்குகிறது. உள்ளீடற்ற குழாய்ப் பற்களோ 2 அல்லது 3 அங்குல ஆழத்து மண்ணை அகழ்ந்து வெளியேற்றுகின்றன. அதனால் எஞ்சிய மண் நெகிழ இடம் உண்டாகிறது. வெளியே விழுந்த மண்கட்டிகளும் நாளடைவில் உதிர்ந்து தரையோடு கலந்துவிடுகின்றன.

மண்ணின் குறையை அறியாது செய்த கருவி, நீக்க வந்த குறையையே வளர்க்கும். ஆதலின், இரும்பை வளைக்குமுன் மண்ணை அறிதல் வேண்டும்.