காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லையா?

இங்கிலாந்திலே ஒரு சச்சரவு நீண்ட காலமாக நடந்து வருகிறது. பிள்ளையைப் பெற்ற தாய் ஒரு பக்கம். அந்தப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண் மறு பக்கம். இருவரும் உழைத்துப் பிழைப்பவர்கள்தான். ஆனால் மாதக் கணக்குப் பார்க்கும் நாள் வந்துவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கேள்வி இதுதான்: பிள்ளை நர்சரியில் இருக்கும் மணி நேரங்களுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

'சீமையில் நடக்கும் வீட்டுச் சண்டை நமக்கெதற்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். காலையில் மில் வாசலில் பதிலியாக நின்று, இன்று வேலையில்லை என்று வெறுங்கையோடு திரும்பிய எந்தத் தொழிலாளிக்கும் இந்தச் சண்டை அந்நியமானதல்ல என்பதே நமது பதில்.

விவகாரத்தைப் பார்ப்போம். அந்த நாட்டில் பிள்ளை பார்ப்பது பதிவு செய்துகொண்டு நடத்த வேண்டிய தொழில். ஒருத்தி ஒரே சமயத்தில் எட்டு வயதுக்குட்பட்ட 6 பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிலும் பள்ளிப் பருவம் எட்டாத சின்னஞ்சிறுசுகள் 3 பேருக்கு மேல் கூடாது. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை பொதுவாக ஒன்றுதான். நல்ல விதி, பிள்ளைகளைக் காக்கும் விதி. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவளுடைய வருமானத்துக்கும் அதுவே எல்லைக்கோடு.

மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் காலை 8 மணிக்கு விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். மாலை 6 மணிக்குத்தான் திரும்புகிறாள். நடுவில் 9 முதல் 12 வரை பிள்ளைக்கு நர்சரி. வாரத்துக்கு 15 மணி நேரம், சர்க்கார் செலவில். பிள்ளையைக் கையைப் பிடித்து நடத்திப் போய் விடுபவள் யார்? பார்த்துக்கொள்ளும் பெண். 12 மணிக்கு மழையானாலும் பனியானாலும் வாசலில் நின்று அழைத்து வருபவள் யார்? அவளே. பத்தரை மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தால் ஓட வேண்டியவளும் அவளேதான்.

அந்த மூன்று மணி நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாமே என்பார்கள். எந்தத் தாய் காலை 9 மணிக்கு வேலைக்குப் போய் 12 மணிக்கு வீடு திரும்புகிறாள்? முழு நாள் பிள்ளையை ஏற்றுக்கொண்டால் 12 மணிக்கு நர்சரிப் பிள்ளை திரும்பும்போது எண்ணிக்கை மீறிவிடும். விதி குறுக்கே நிற்கும். ஆக, அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். அதனால் சிலர் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் இடத்தைப் பிடித்து வைத்ததற்காக அரைக் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் சண்டைக்குப் பயந்து ஒன்றும் வாங்காமல் நஷ்டப்படுகிறார்கள். தன் கணக்கில் தொழில் செய்பவள் ஆகையால் அவளுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது.

தாய் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. 'இலவசம்' என்று சர்க்கார் தம்பட்டம் அடித்த மணி நேரத்துக்கு அவள் கைப்பணம் போகிறது. கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த மணி நேரத்துக்கு உண்மையிலேயே வேறு பிள்ளை கிடைத்துவிட்டால், முதல் தாயிடமும் அதே நேரத்துக்குக் கூலி வாங்குவது முறையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் வழக்கின் வேர் அங்கே இல்லை.

இந்த அரைக் கட்டணம் என்பதை எங்கோ கேட்டது போல் இருக்கிறதல்லவா, தோழர்களே? பஞ்சு வரவில்லை, மின்சாரம் இல்லை என்று முதலாளி மில்லை நிறுத்திவிட்டு 'போய்விட்டு நாளை வா' என்றபோது, 'வேலைக்குத் தயாராக நாங்கள் வந்தோமே, எங்கள் வயிறு நிற்குமா?' என்று இந்த நாட்டுத் தொழிலாளிகள் கேட்டார்கள். 1953இல் தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டு, லே-ஆப் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் என்று ஏறியது. முழுச் சம்பளம்தான் நியாயம். பாதி என்பது போராடிப் பெற்ற பாதி. தறி ஓடாவிட்டாலும் தறிக்காரன் வந்து நின்றது உழைப்பின் பகுதி என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளை பார்க்கும் பெண் கேட்பதும் அதே நியாயத்தைத்தான்.

மணிக்கணக்கில் கூலி என்ற தந்திரத்தைக் காரல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலேயே அம்பலப்படுத்தியிருக்கிறார். தொழிலாளி ஒரு நாள் முழுக்க உயிர் வாழ வேண்டும். முதலாளியோ தனக்கு வேண்டிய மணிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு மீதி நாளைத் தொழிலாளியின் தலையில் கட்டிவிடுகிறான். 1860இல் லண்டன் கட்டிடத் தொழிலாளிகள் இந்த மணிக் கூலியை எதிர்த்துக் கிளர்ந்ததை அவர் அங்கே எடுத்துக் காட்டுகிறார். அதே நாட்டில் இன்று இந்த மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது முதலாளியும் தொழிலாளியும் அல்ல, உழைக்கும் இரண்டு பெண்கள். ஆளும் வர்க்கத்துக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

தாயின் உழைப்பு யாருக்கு லாபம்? கம்பெனிக்கு. அவள் வேலைக்குப் போகப் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆக வேண்டும். அப்படியானால் அந்தச் செலவு யாருடையது? கம்பெனிக்காரன் இந்தச் சச்சரவில் எங்கும் தென்படுவதில்லை. தாயின் கூலியில் ஒரு துண்டை வெட்டிப் பார்ப்பவளுக்குக் கொடு என்று விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

சர்க்கார் தரும் இலவச மணி நேரத்தின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். அது வருஷத்துக்கு 38 வாரம் என்ற கணக்கு. வேலையோ 38 வாரத்தோடு முடிவதில்லை. வேலை பார்க்கும் பெற்றோருக்கு 30 மணி நேரம் என்று 2017இல் தொடங்கி, 2025 செப்டம்பரில் 9 மாதக் குழந்தை வரை கொண்டுவந்தார்கள். நிபந்தனை? தாய் தந்தை ஒவ்வொருவரும் குறைந்தபட்சக் கூலியில் வாரம் 16 மணி நேர வேலைக்குச் சமமாகவாவது சம்பாதிக்க வேண்டும்; ஆளுக்கு வருஷம் 1,00,000 பவுனைத் தாண்டக் கூடாது. அதாவது ஆளுக்கு 99,000 பவுன் வாங்கும் தம்பதிக்கு 30 மணி நேரம். வேலை தேடி அலையும் தாயின் மூன்று வயதுப் பிள்ளைக்கு 15தான். இதற்குப் பெயர் குடும்ப உதவியாம்!

பணம் இல்லை என்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயுதத் தொழிற்சாலைக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது பணம் எங்கிருந்து வந்தது? ஆயிரத்துக்கும் மேற்பட்ட யுத்தகால நர்சரிகளை அதே பிரிட்டிஷ் சர்க்கார் திறந்தது. 1945இல் யுத்தம் முடிந்தது, மானியம் வெட்டப்பட்டது, நர்சரிகள் பல இழுத்து மூடப்பட்டன. 1948இல் பிள்ளை பார்க்கும் பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் மட்டும் வந்தது. பொறுப்பைக் கைகழுவி, கண்காணிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? பிழைக்க முடியாமல் இந்தத் தொழிலை விட்டவர்கள் போக, பதிவு செய்த பெண்களின் எண்ணிக்கை 2012க்குப் பின் வந்த பத்தாண்டில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

அதே 1948இல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அதை 30 ஆக்கினார்கள். செலவு முதலாளியுடையது. இதுதான் நேரான வழி. ஆனால் நமது நூற்பாலை முதலாளிகள் லேசுப்பட்டவர்களா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கலியாணமாகாத பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். பிள்ளையே இல்லாத தொழிலாளிக்குத் தொட்டில் எதற்கு? 2020இல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் அமலான புதுத் தொகுப்பு, 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்று கணக்கை மாற்றிவிட்டது. 40 பேர் வேலை செய்யும் ஷெட்டில் 35 பேர் பெண்கள் என்றால் பழைய சட்டப்படி காப்பகம் உண்டு. புதுக் கணக்கில் அது போயிற்று.

வயற்காட்டில் நிலை இன்னும் மோசம். 1975 அக்டோபர் 2 முதல் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் நடவுக்கு இறங்கும் பெண் விடிகாலையில் போகிறாள். அங்கன்வாடி அவள் நேரத்துக்குத் திறப்பதில்லை. அதை நடத்தும் பெண்களையோ, ஊழியர் என்று சொல்லாமல் மதிப்பூதியம் வாங்கும் தொண்டர் என்று மத்திய சர்க்கார் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. நாளெல்லாம் வேலை, கூலி என்ற சொல்லுக்கு மட்டும் பஞ்சம்!

வழியே இல்லையா? இருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தையும் பொது உணவுச் சாலையையும் கம்யூனிசத்தின் முளைகள் என்று 1919லேயே லெனின் காட்டினார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்தி, மண் வெட்டுகிறவர்களின் கூலியையே அவளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் மரத்தடியில் தூங்கிய நேரத்தைக் கழித்துக்கொள் என்று எழுதவில்லை. பிள்ளையின் தாய் பங்கு போட்டுக் கொடு என்றும் எழுதவில்லை. எத்தனை இடத்தில் அதை அமல்படுத்தினார்கள் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

ஆகவே சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது சம்பளம், போனசோடு இதையும் சேர்க்க வேண்டும். மில்லில் ஷிப்டு எத்தனை மணி நேரமோ அத்தனை நேரமும், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அரை மணியும் காப்பகம் திறந்திருக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு, தொட்டிலில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழு நாள் சம்பளம். வயலிலும் அப்படியே: பத்துப் பெண்கள் நடவுக்கு இறங்கினால், வரப்பில் பிள்ளை பார்க்கும் பதினோராவது பெண்ணுக்கும் அதே நடவுக் கூலி. கொடுக்க வேண்டியவர் நிலத்துக்காரர்.