வரி வரம்புக்குக் கீழே உள்ளவரின் சேமலாப நிதிக்கு ஏன் வரி?

வட்டவளையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் வருமான வரி செலுத்துகிறார் என்று சொன்னால் தோட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. அந்த வரி அவரது சம்பளத்தில் வெட்டப்படுவதில்லை. ஓய்வுகாலத்துக்காக அவர் சேர்த்துவரும் ஊழியர் சேமலாப நிதியின் வருமானத்தில், அவருக்குத் தெரியாமலேயே வெட்டப்படுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,550 ரூபா, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா. மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் வருட வருமானம் 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபா. தனிநபர் வருமான வரி விலக்கு வரம்போ 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம் ரூபா. வரம்பின் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவரால் எட்ட முடியாது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி இவரது சம்பளத்தில் 8 வீதமும் தோட்ட நிர்வாகத்தின் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகின்றன. நிதி அந்தப் பணத்தைப் பெரும்பாலும் திறைசேரி முறிகளில் முதலீடு செய்கிறது. கிடைக்கும் வருமானத்தில் 14 வீதம் வரியாகப் போன பிறகே உறுப்பினர்களுக்கு வட்டி பகிரப்படுகிறது. உறவினர்களின் கணக்கு அறிக்கைகளை நான் வாசித்துச் சொல்வதுண்டு. அவற்றில் வரவு வைக்கப்பட்ட வட்டி மட்டுமே இருக்கும், கழிக்கப்பட்ட வரி இராது.

14 வீதம் சிறிய தொகை போலத் தோன்றலாம். 9 வீத வட்டியில் 100 ரூபா 30 வருடத்தில் ஏறத்தாழ 1,327 ரூபாவாகும். வருடாவருடம் அந்த வட்டியில் 14 வீதம் கழிந்தால் 936 ரூபாதான் மிஞ்சும். வரி 14 வீதம்தான் என்றாலும், கடைசியில் கைக்கு வரும் தொகையில் குறைவது கிட்டத்தட்ட 30 வீதம்.

நிதிதான் வரி செலுத்துகிறது, உறுப்பினர் அல்லவே என்று கேட்கலாம். வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவரோடு ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கும். 2025 ஏப்ரலில் வைப்பு வட்டி மீதான முற்பண வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தபோது, வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் ஒரு பிரகடனத்தைக் கொடுத்து அந்தக் கழிவிலிருந்து விலகிக்கொள்ள அரசாங்கமே வழி செய்தது. அதே வருமானமுள்ளவர் தன் பணத்தைச் சேமலாப நிதியில் வைத்திருந்தால் அந்த வழி இல்லை. அதுவும் அவர் விரும்பிப் போட்ட பணம் அல்ல, சட்டம் கட்டாயப்படுத்திச் சேர்த்த பணம்.

இந்த வரிதான் 2023இல் மிரட்டலாகவும் பயன்பட்டது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் 2023 ஜூலை 1ஆம் திகதி 122க்கு 62 என்ற வாக்குகளால் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய முறிகளைக் கொடுத்து, முதலில் 12 வீதமும் 2026இலிருந்து 9 வீதமும் வட்டி தரும் புதிய முறிகளை வாங்க வேண்டும், மறுத்தால் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்று ஓய்வுகால நிதிகளுக்குச் சொல்லப்பட்டது. இரண்டில் நட்டம் குறைந்தது எது என்பதை மட்டுமே நிதி தெரிவுசெய்ய முடிந்தது. வங்கிகள் ஏற்கனவே 50 வீதத்துக்கும் மேல் வரி செலுத்துகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று அரசாங்கம் விளக்கம் சொல்லி அவற்றை விட்டுவிட்டது. வங்கி முறை சரியக்கூடாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட வருடத்தில் வெறும் 9 வீத வட்டி பெற்றவர்களிடமே மறுபடியும் தியாகம் கேட்கப்பட்டது.

அரச ஊழியரின் ஓய்வூதியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது திரட்டு நிதியத்திலிருந்து வழங்கப்படுகிறது, வட்டி குறைந்தாலும் மாதாமாதம் வரும். அது அவர்களது உரிமை, குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் 1970களின் தேசியமயமாக்கல் முதல் 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறும் வரை தோட்டங்களை நடத்தியதும் அரசுதான். அன்று அரசுக்காக வேலை செய்தும் தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. சேமலாப நிதியும் பணிக்கொடையும்தான் அவருக்கு எல்லாம்.

வேறு நாடுகளில் பிரச்சினை தலைகீழானது. அமெரிக்காவில் வரிச் சலுகையுள்ள ஓய்வூதியத் திட்டமொன்று ஒருவருக்கு வருடத்தில் வழங்கக்கூடிய தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. 2025இல் அது 2,80,000 டொலர். வரம்பைத் தாண்டும் அரச ஊழியர்களின் மீதித் தொகையைக் கொடுப்பதற்கென்றே மேலதிகத் திட்டங்களை அங்கே சட்டம் அனுமதிக்கிறது. மேலே இருப்பவர் வரி வரம்பால் நட்டப்படக்கூடாது என்று அங்கே சட்டம் யோசித்திருக்கிறது. கீழே இருப்பவருக்காக நமது சட்டம் அந்தளவு யோசிக்கவில்லை.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. வங்கி வைப்பாளருக்கு உள்ள பிரகடன முறையைச் சேமலாப நிதி உறுப்பினருக்கும் விரிவாக்கி, வருமானம் வரம்புக்குக் கீழே உள்ளவரின் பங்குக்குரிய வரியை அவரது கணக்கிலேயே வரவு வைக்கலாம். கழிக்கப்பட்ட வரியை வருடாந்த அறிக்கையில் தனி வரியாகக் காட்டலாம். நிதியின் விதியைத் தீர்மானிக்கும் இடத்தில் உறுப்பினர்களின் பிரதிநிதிகளுக்கு வாக்கு கொடுக்கலாம். 2023இல் அரசாங்கக் கடனை முகாமை செய்த மத்திய வங்கியே நிதியின் முதலீடுகளையும் கவனித்தது. கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஒரே கணக்கப்பிள்ளை இருந்ததுபோல்தான் அது.

சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் மலையகத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அந்தச் சம்பளத்திலிருந்து பிரிந்துபோகும் 20 வீதப் பணத்துக்கு என்ன நடக்கிறது என்பதையும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் அவர்கள் கேட்க வேண்டும்.