பொன்னாடையின் பொறுப்பு

அமெரிக்க நிதித் தரகர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் 2019 ஆகஸ்டில் நியூயார்க் சிறையில் மாண்டார். அவருடைய விருந்தினர் பட்டியல் மட்டும் மாளவில்லை. எந்த இளவரசர், எந்தப் பேரறிஞர், எந்தப் பெருஞ்செல்வர் அவரோடு பந்தியில் அமர்ந்தார் என்பதே பேச்சு. சிதம்பரம் கீழ வீதித் தேநீர்க் கடையிலும் அப்பெயர் அடிபடக் கேட்டோம். பிறர் வீட்டு விருந்தை எட்டிப் பார்க்கும் சுவை ஒருபுறம் இருக்கட்டும். விருந்துக்குப் போனவர்கள் எதைப் பெற்றார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்பதன்றோ கேட்கத்தக்க வினா?

2008-இல் சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்று மீண்டவர் அவர். அதன் பின்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் அவரிடம் நன்கொடை பெற்றது. செய்தி வெளியானதும் 2019 செப்டம்பரில் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி விலகினார். அறிஞர்கள் பணம் பெற்றார்கள். மாற்றாகத் தங்கள் மதிப்பைக் கொடுத்தார்கள். அந்த மதிப்பே அவருக்குக் கவசமாயிற்று.

இதை மேலைநாட்டுச் சீர்கேடு என்று ஒதுக்கிவிட இயலாது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பாரி, பின்னி ஆகியவற்றோடு ஒருசேர எண்ணப்பட்ட வணிக இல்லம் அது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், சட்டமன்ற உறுப்பினர். வணிகர் சபையில் முதன்மை பெற்றவர். வெள்ளையர் சமூகத்தின் நடுநாயகம். ஓய்வூதியம் பெற்றோரும் கைம்பெண்களும் அங்கே பணம் போட்டது கணக்கேட்டைப் படித்துப் பார்த்தா? அந்த ஏட்டை அவர்கள் கண்டதேயில்லை. கவர்னர் மாளிகை விருந்தில் இடம்பெறும் மனிதர் பொய்த்துப்போக மாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுக்குப் பிணையாக இருந்தது. லண்டன் பங்காளி மக்ஃபேடியன் ஊக வாணிகத்தில் பெரும்பொருளை இழந்திருந்தார். முறிவின்போது தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவரை விருந்துக்கு அழைத்தவர்களுக்கு என்ன விதிக்கப்பட்டது? ஒன்றுமில்லை.

சிதம்பரத்தில் வாழ்வோர்க்கு இக்கதை அயலது அன்று. பணம் இழந்தோருக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், இனி நம் பணம் நம் கையில் இருக்கட்டும் என்று முனைந்ததன் பயனே 1907 ஆகஸ்ட் 15-இல் செயல்படத் தொடங்கிய இந்தியன் வங்கி. அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்களுள் ஒருவர் ராமசாமி செட்டியார். 1929-இல் இவ்வூரில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாரின் தமையனார். அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் இங்கே நிற்கிறது. அதைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பாடத்தை நினைவில் வைத்திருக்கிறோம்?

1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் 2024-இல் புகார் அளித்தனர். ஆகஸ்டில் கைதான அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன், சில மாதங்களுக்கு முன்புதான் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் வேட்பாளராக நின்றவர். குற்றத்தை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. மேடைக்கும் வைப்புத்தொகைக்கும் உள்ள உறவைச் சிந்திப்பது நம் பணி.

இனி எங்கள் கதையையும் சொல்லிவிடுவதே நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் இலக்கிய நண்பர்கள் நடத்திய நூல் வெளியீட்டுக்கு ஒரு நிதி நிறுவன அதிபர் மண்டப வாடகையும் மதிய உணவும் ஏற்றார். பொன்னாடை போர்த்தினோம். அவரை வள்ளல் என்றோம். கடையெழுவரோடு எட்டாமவராகச் சேர்த்தோம். வாழ்த்துரை எழுதிய கை இதை எழுதும் கைதான். ஓராண்டுக்குள் நிறுவனம் பூட்டப்பட்டது.

புவனகிரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பணிக்கொடை முழுவதையும் அதில் போட்டிருந்தார். பேருந்து நிலையத்தில் எங்களைக் கண்டவர் கோபிக்கவில்லை. "நீங்கல்லாம் மேடையில இருந்தீங்களே தம்பி, அதனாலதான் போட்டேன்" என்றார். விடை சொல்ல எங்களிடம் சொல் இல்லை. தமிழை முறையாகக் கற்றவர்கள் என்று பெயர். அன்று எங்கள் தமிழ் விளம்பரமாக விலைபோயிருந்தது. அதற்கு நாங்கள் பெற்ற விலை ஒரு வேளைச் சோறு.

நன்கொடை தருவோர் கணக்கையெல்லாம் துருவிப் பார்க்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முடியாதுதான். ஆனால் கொடையை ஏற்பது வேறு, கொடுத்தவரின் நேர்மைக்குச் சான்று வழங்குவது வேறு. பெற்றதற்கு நன்றி சொல்லலாம்; அறியாத ஒழுக்கத்தைப் புகழக் கூடாது. சங்கப் புலவர்களும் பரிசில் பெற்றவர்களே. எனினும் மதியாது தந்த பரிசிலை மறுத்துத் திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு என்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

இப்பொழுது எங்கள் கூட்டங்கள் ஒரு பள்ளியின் வகுப்பறையில் நடக்கின்றன. தேநீர்ச் செலவை ஆளுக்குப் பத்து இருபது என்று பகிர்ந்துகொள்கிறோம். பொன்னாடை இல்லை. அந்த ஆசிரியர் சில சமயம் வந்து கடைசி வரிசையில் அமர்கிறார். தம் பங்கையும் தவறாமல் கொடுத்துவிடுகிறார். வாங்கும்போது எங்கள் கை இன்னும் கூசுகிறது.