கறுப்பு விரலில் 95 என்றால் என்ன அர்த்தம்?

2021 மே மாதம். பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். நாற்பது வருடம் வெயிலில் நின்று கட்டட வேலை பார்த்த உடம்பு. வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விரலில் கிளிப்பை மாட்டினார்கள். 95 காட்டியது. "நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. "மூச்சு வாங்குதுங்க, கொஞ்சம் பாருங்க" என்று கெஞ்சினேன். "மெஷினே சொல்லுதே, அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள். மறுநாள் இரவு வேறொரு இடத்தில் சேர்த்தோம். நான்காம் நாள் அவர் இல்லை.

அந்தக் கிளிப்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே இரவில் நோய் முற்றியிருக்கவும் கூடும். ஆனால் அந்த 95 யாருடைய தோலை வைத்துக் கணக்கிட்ட 95 என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது. அதனால் கேட்கிறேன்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எப்படி வேலை செய்கிறது? விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு விதமான ஒளியை அனுப்புகிறது. ஒன்று சிவப்பு, மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் ஒளியை ஒப்பிட்டுக் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதாவது, அது ஆக்ஸிஜனை நேராக அளப்பதில்லை, ஊகித்துச் சொல்கிறது. அந்த ஊகத்துக்கு ஆதாரம், ஆரோக்கியமான சிலரைச் சோதனைக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் சுவாசிக்கும் ஆக்ஸிஜனைக் குறைத்து, ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துப் போட்ட கணக்கு. தோலில் இருக்கும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் கறுத்த தோல்காரர்கள் குறைவாக இருந்தால், கணக்கு யாருக்குச் சரியாக வரும், யாருக்குத் தப்பாக வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"கருவிக்குச் சாதி தெரியுமா, இனம் தெரியுமா? அறிவியலில் இதையெல்லாம் நுழைக்காதீர்கள்" என்று உடனே ஒருவர் வருவார். கருவிக்குத் தெரியாதுதான். அதைச் செய்தவர்களுக்கும் சரிபார்த்தவர்களுக்கும் தெரியும். அமெரிக்காவின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, குறைந்தது 10 பேரைச் சோதித்தால் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம். இரண்டு பேர்! உலகத்தில் உள்ள எல்லாக் கறுப்பு விரல்களுக்கும் பிரதிநிதிகள் அந்த இரண்டு பேர்.

இதன் விளைவு 2020 டிசம்பரில் பட்டவர்த்தனமாக வெளியே வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது எத்தனை தடவை என்று பார்த்தார்கள். வெள்ளையரிடம் 3.6 சதவீதம். கறுப்பரிடம் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து, கருவி "நலம்" என்று சொல்லியிருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. என் கோபமே அங்கேதான். 1990-லேயே ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவர்கள் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்: வெள்ளையருக்கு 92 என்று வைத்தால் போதும், கறுப்பருக்கு அதே பாதுகாப்பு வேண்டுமானால் 95 என்று வைக்க வேண்டும். 2005-இலும் வேறு ஆய்வாளர்கள், ஆக்ஸிஜன் குறையக் குறையக் கறுத்த தோலில் இந்தப் பிழை கூடுகிறது என்று காட்டினார்கள். முப்பது வருடம் அந்த உண்மை நூலகத்தில் தூங்கியது. வெள்ளைத் தோலில் மூன்று புள்ளி பிசகியிருந்தால் முப்பது வருடம் பொறுத்திருப்பார்களா?

"இரண்டு, மூன்று புள்ளிதானே?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் நம் நாட்டு நெறிமுறை 94-ஐக் கோடாக வைத்தது. அதற்கு மேலே என்றால் வீடு, கீழே என்றால் மருத்துவமனை. அந்த மூன்று புள்ளியின் அகலம் ஒரு படுக்கையின் அகலம். அமெரிக்காவில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. கருவி கூட்டிக் காட்டியது கறுப்பரிடம் மட்டுமல்ல, ஆசியரிடமும்தான். கறுப்பருக்கும் ஹிஸ்பானியருக்கும் சிகிச்சைக்கான தகுதி தாமதமாகவே தெரியவந்தது என்றும் அது சொன்னது.

இப்போது நம் பக்கம் வருவோம். சாதி தோல் நிறத்தில் இல்லை. கறுத்த பார்ப்பனரையும் சிவந்த பறையரையும் நம்பாதே என்று இழிவாகப் பழமொழி சொல்லும் ஊர் இது; அந்தப் பழமொழியே இதை ஒப்புக்கொள்கிறது. ஆகவே, இந்தப் பிழை தலித்துகளை மட்டும் தேடிப் பிடித்துத் தாக்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்பது வேறு. பிழை யார் விரலில் விழுந்தாலும், அதைத் திருத்திக்கொள்ள வழி இருப்பது யாருக்கு? பணம் இருப்பவர் பெரிய மருத்துவமனையில் தமனி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார். தெரிந்த டாக்டருக்குப் போன் போடுவார். செங்கல் சூளையிலும், கல்குவாரியிலும், சாக்கடை ஓரத்திலும் வெயிலில் கறுத்த உடம்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பது அந்தக் கிளிப் மட்டும்தான். தூசியையும் விஷவாயுவையும் சுவாசித்து நுரையீரலைத் தொலைப்பவர்கள் யார்? கடைசியில் அந்த ஒற்றை எண்ணை நம்பி வீடு திரும்புபவர்கள் யார்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே தெருவில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதே நெறிமுறை, நிமிடத்துக்கு 24 மூச்சும் அதற்கு மேலும் போனால் ஆபத்தின் அடையாளம் என்று எழுதியிருந்தது. மூச்சை எண்ணுவதற்குத் தோல் நிறம் தடை இல்லை. மின்சாரம் வேண்டாம், காசு வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பாவின் பக்கத்தில் அந்த ஒரு நிமிடம் யாரும் நிற்கவில்லை. கிளிப்பை மாட்டினால் பக்கத்தில் வர வேண்டாம், தொட வேண்டாம். தொடாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால், அது நம் மக்களிடம் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு ஆக்ஸிமீட்டரின் வணிக லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வைத்தது. நல்லது. ஆனால் அது விலை பற்றிய ஆணை மட்டுமே. மலிவாகக் கிடைக்கும் தப்பான எண்ணால் ஏழைக்கு என்ன லாபம்? பிரிட்டன் தனியாகக் குழு அமைத்து, மருத்துவக் கருவிகளில் இருக்கும் பாகுபாட்டை ஆராய்ந்து 2024-இல் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கா 10 பேர் கணக்கைக் கைவிட்டு, 150 பேருக்குக் குறையாமல், பல நிறத் தோல்களில் சோதிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. அங்கே கறுப்பின மருத்துவர்களும் இயக்கங்களும் விடாமல் கேட்டார்கள். இங்கே நாம் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு ஆக்ஸிமீட்டரும் இந்தியத் தோலின் எல்லா நிறங்களிலும் சோதிக்கப்பட வேண்டும். முடிவை அட்டைப்பெட்டியிலேயே அச்சிட வேண்டும். மூச்சுத்திணறல் குறித்த எந்த ஆய்விலும் நோயாளியின் தோல் நிறத்தையும், தொழிலையும், சாதியையும் பதிவு செய்ய வேண்டும். பதியாத பாகுபாடு இல்லாத பாகுபாடாகிவிடும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் தமனி ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

தோழர்களே, அது வரும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். 24-ஐத் தொட்டால் கருவி என்ன காட்டினாலும் கிளம்புங்கள். வாசலில் "மெஷினே சொல்லுதே" என்றால், நகராதீர்கள். நான் அன்றைக்கு நகர்ந்துவிட்டேன்.